சத்து மாத்திரை

அந்தக் கட்டடத்துக்கு வாசல் இரண்டு. முன்பக்கம் ஆஸ்பத்திரி, பின்பக்கம் பயிற்சிக் கொட்டகை. முன்னால் டாக்டர் இருப்பாள். பின்னால் அவள் புருஷன், ஊரே ‘மாஸ்டர்’ என்று கூப்பிடும் நாய்ப் பயிற்சிக்காரர். நாய்க்கோ பூனைக்கோ உடம்பு சரியில்லை என்றால் அவள், குணம் சரியில்லை என்றால் அவர் என்று கல்யாணமான புதிதில் விளையாட்டாகப் பேசிக்கொண்டது, போகப் போகப் பாகப்பிரிவினை மாதிரியே ஆகிவிட்டது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைப்பதில்லை.

ஆனால் இந்தப் பிரிவினையில் டாக்டருக்கு உள்ளூர நம்பிக்கை இல்லை. குணக்கேடு என்று கொண்டுவருவதில் பாதிக்கு மேல் வலிதான் என்பது அவள் அனுபவம். ஒரு தடவை ஒருத்தி சாம்பல் நிறப் பூனை ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். “எங்க மாமியார் வந்ததுலேர்ந்து வேணும்னே அவங்க படுக்கையில போய் ஒண்ணுக்கு விடுது டாக்டர். அவங்களக் கண்டாலே இதுக்கு ஆகல,” என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. டாக்டர் பூனையின் அடிவயிற்றைத் தடவினாள். மூத்திரப்பை எலுமிச்சம்பழம் போல இறுகிக் கிடந்தது. அடைப்பு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பூனை பிழைத்திருக்காது. “இதுல உங்க மாமியாருக்குச் சம்பந்தமே இல்லம்மா,” என்று சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் கூடுதலாகத் தெரிந்தது.

மாஸ்டரும் ஆரம்பத்தில் சும்மா ஆள் இல்லை. மிரண்ட நாய் முன்னால் முதுகைக் காட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அதுவாக வந்து மோந்து பார்க்கும்வரை அசையமாட்டார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். ஆனால் நாய்க்காரர்களுக்குப் பொறுமை இல்லை. “மூணு மாசமா? அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள். ஒரு கட்டத்தில் மாஸ்டர் இரண்டே வாரத்தில் நாயைத் திருத்தித் தர ஆரம்பித்தார். கொட்டகை நிரம்பியது. முன்வாசலுக்கு வருகிறவர்களும் “மாஸ்டர் வீட்டம்மாதானே நீங்க?” என்று கேட்கத் தொடங்கினார்கள். கைராசி என்றுதான் டாக்டரும் நினைத்தாள். கொஞ்சம் பொறாமைகூடப் பட்டாள்.

டெய்லரக்கா வந்தது அந்த நாட்களில்தான். அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவள் அக்கா. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டு மாடியறையில் தையல் மிஷினோடு ஒதுங்கியவள். அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு நாய். கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்ட மாதிரி இரண்டு வெள்ளை வளையம் இருந்ததால் அதற்கு ‘வாத்தியார்’ என்று பெயர்.

“மூணு வருஷமா தங்கமா இருந்தான் டாக்டர். இப்ப கொஞ்ச நாளா மூஞ்சிகிட்ட கை கொண்டு போனாலே உறுமறான். அண்ணி மேல ஒரு தடவ பாஞ்சிட்டான். அண்ணன் கண்டிஷனா சொல்லிட்டாரு, நாய் அடங்கணும், இல்லன்னா வீட்ட விட்டுப் போகணும்னு.”

“நான் ஒரு தடவ பார்க்கறேன் அக்கா, மேசைமேல ஏத்துங்க,” என்று டாக்டர் எழுந்தாள்.

அதற்குள் மாஸ்டர் பின்வாசல் வழியாக வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். “இதுல பார்க்க என்ன இருக்கு? செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க. இது என் டிபார்ட்மென்ட். என்கிட்ட விட்டுட்டுப் போங்கக்கா. திரும்பி வர்றப்போ வாத்தியார் மாணவனா இருப்பான்.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். வாந்தி எடுக்கும் குட்டி ஒன்றும், ஊசிக்கு வந்த இரண்டு பூனைகளும் வரிசையில் இருந்தன. டாக்டர் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துக் கொட்டகையில் ‘ஒப்படைப்பு’ நடந்தது. மாஸ்டர் அதை எப்போதும் நாலு பேர் பார்க்கத்தான் நடத்துவார். டெய்லரக்காவோடு அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய சின்னப் பெண்ணும் வந்திருந்தார்கள். மாஸ்டர் விசில் ஊதினார், வாத்தியார் உட்கார்ந்தது. கையைத் தாழ்த்தினார், படுத்தது. அண்ணியைக் கூப்பிட்டு அதன் முதுகில் கை வைக்கச் சொன்னார். அது ஏனென்று கேட்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். டெய்லரக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஜன்னல் ஓரம் நின்று ஒரு பூனைக்குக் காதுச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். கைதட்டல் கேட்டு எட்டிப் பார்த்தவள், பூனையை அப்படியே பிடித்தபடி நின்றுவிட்டாள். வாத்தியாரின் கண்ணில் உள்மூலையிலிருந்து ஒரு வெளிறிய சவ்வு பாதிக் கண்வரை ஏறியிருந்தது. எழுந்தபோது பின்னங்கால்கள் ஒன்றையொன்று இடறின. நாக்கு ஓரமாகத் தொங்கியது. படிந்த நாய் அப்படி இருக்காது. அவளே நீண்ட பயணம் போகும் நாய்களுக்கு எண்ணிக் கொடுக்கும் மயக்க மாத்திரையைத் தின்ற நாய்தான் அப்படி இருக்கும்.

கூட்டம் கலைந்ததும் மருந்தறைக்கு அவரைக் கூப்பிட்டாள்.

“எத்தன நாளா நடக்குது இது?”

“எது?”

“என்கிட்டயே நடிக்காதீங்க. கண்ணப் பார்த்தாலே தெரியுது.”

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. அலமாரியில் சாய்ந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். “நீ ஊசி போட்டா வைத்தியம், நான் மாத்திரை குடுத்தா திருட்டா? யாருக்கு என்ன நஷ்டம் சொல்லு. அந்த அண்ணன்காரன் இத தெருவுல விட்டிருப்பான், நாலு பேரு கல்லால அடிச்சே கொன்னிருப்பாங்க. இப்ப வீட்டுக்குப் போகுது. மெத்தையில படுக்கும்.”

“அந்த மாத்திரை உடம்பத்தாங்க கட்டிப் போடும். பயத்தையும் வலியையும் கட்டிப் போடாது. உள்ள எல்லாம் அப்படியேதான் இருக்கும். வெளிய காட்ட முடியாது, அவ்வளவுதான்.”

“காட்டலன்னா போதும்னுதானே எல்லாரும் கேக்கறாங்க,” என்றார் அவர்.

“இனிமே கூடாது,” என்றாள் அவள். “சரி, விடு,” என்றார். அன்றைக்கே அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டாள். வெளியே போய் டெய்லரக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னால் அவர் மானம் போகும். அவர் மானத்தோடு ஆஸ்பத்திரியும் போகும். இனிமேல்தான் நடக்காதே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போன நாய்களுக்கும் மாஸ்டர் மாத்திரை கொடுத்துவந்தார். ‘சத்து மாத்திரை’ என்று சொல்லி வாராவாரம் ஒரு காகிதப் பொட்டலம். டெய்லரக்கா அதைக் காலையும் மாலையும் ரொட்டித் துண்டுக்குள் வைத்து வாத்தியாருக்கு ஊட்டினாள். அந்த வீட்டில் அண்ணிகூட அவளிடம் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்திருந்தாள். அண்ணன் பெண் நாயின் மேல் தலை வைத்துப் படுத்துப் படம் பார்த்தது. “பொம்ம மாதிரி ஆயிட்டான்,” என்று எல்லாரும் சொன்னார்கள்.

பூட்டுக்கு முன்பே அலமாரியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருந்த மாத்திரை சில வாரங்களில் தீர்ந்ததும் பொட்டலம் வருவது நின்றது. “சத்து ஏறிடுச்சுக்கா, இனிமே தேவையில்ல,” என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். டெய்லரக்காவும் சந்தோஷமாக நம்பினாள்.

அடுத்த வாரமே அது நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண், வழக்கம்போல வாத்தியாரின் முகத்தை இரண்டு கையாலும் அள்ளித் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டது. நாய் உறுமியதா, எச்சரித்ததா என்று யாருக்கும் தெரியாது. கன்னத்தில் ஆறு தையல்.

மறுநாள் காலை அண்ணன்காரர் நாயைக் கொண்டுவந்தார். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. டெய்லரக்கா பின்னால் வந்தாள். ராத்திரி முழுக்க அழுதவள் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வழக்கமான கூட்டம்; ஆளுக்கொரு கூடையும் கயிறுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஊசி போட்டு முடிச்சுடுங்க டாக்டர்,” என்றார் அண்ணன்.

சத்தம் கேட்டு மாஸ்டர் வந்தார். நாயைப் பார்த்தார், டாக்டரைப் பார்க்கவில்லை. “சில ஜென்மம் திருந்தாதுங்க. ரத்தத்துலயே இருக்கும். என்னால ஆனத நான் பண்ணினேன். குழந்தை இருக்கற வீடு. முடிச்சுடறதுதான் நல்லது,” என்றார் வருத்தமான குரலில்.

டாக்டர் நாயை மேசைமேல் ஏற்றச் சொன்னாள். தொடையில் ஓர் ஊசி போட்டாள். வாத்தியாரின் தலை மெல்லச் சாய்ந்தது. டெய்லரக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“முடிஞ்சுதா?” என்றார் அண்ணன்.

“இது மயக்க ஊசி. நான் அதோட வாயப் பார்க்கணும்.”

துணியை அவிழ்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம். உதட்டைத் தூக்கியதும் நாற்றம் மூக்கில் அடித்தது. மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப்பல் நெடுக்காகப் பிளந்திருந்தது. சுற்றிலும் ஈறு கறுத்து, விரலால் அழுத்தினால் சீழ் வந்தது. நேற்று இன்று உடைந்த பல் இல்லை. மாதக்கணக்கு.

“இங்க வாங்க,” என்று அண்ணனைக் கூப்பிட்டாள். “இதுக்கு மேலதான் உங்க பொண்ணு கையும் கன்னமும் பட்டிருக்கு. உங்களுக்கு இப்படி ஒரு பல் இருந்து, யாராவது கன்னத்த அழுத்தினா என்ன பண்ணுவீங்க?”

டெய்லரக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். “அதான் ஒரு பக்கமாவே மென்னுட்டு இருந்தானா? நான் கொழுப்புன்னு நெனச்சேனே.”

“பல்லப் புடுங்கிட்டா பழையபடி ஆயிடுவான் அக்கா. கடிச்ச நாய, வெறிநோய் இருக்கான்னு பத்து நாள் கட்டி வச்சுப் பார்க்காம கொல்லவும் கூடாது. குழந்தையப் பார்க்கற டாக்டரும் இததான் சொல்லுவாரு.”

அண்ணன் மறுத்துத் தலையை ஆட்டினார். “அப்புறம் ஏன் இத்தன நாள் சும்மா இருந்துச்சு? வலி இருந்திருந்தா அப்பவே கடிச்சிருக்குமே? அதெல்லாம் சாக்கு டாக்டர். மாஸ்டர் சொல்றதுதான் நிஜம். புத்தி அது.”

டாக்டர் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணால் வேண்டாம் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிக் கெஞ்சிப் பார்த்ததே இல்லை.

“சும்மா இல்ல,” என்றாள் டாக்டர். “மயக்க மாத்திரை குடுத்திருக்கு. இங்க இருந்தப்போ குடுத்திருக்கு. ஒப்படைச்ச அன்னைக்கே அதோட கண்ணப் பார்த்து எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போன அப்புறம் என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியல.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். டெய்லரக்கா மெதுவாகக் கேட்டாள். “சத்து மாத்திரைன்னு குடுத்தீங்களே மாஸ்டர்... அதுவா?”

மாஸ்டர் பின்வாசல் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

“என் கையால ஊட்டினேன்,” என்றாள் டெய்லரக்கா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. “வலியில கத்தக்கூட முடியாம வச்சிருந்திருக்கேன்.”

அண்ணனின் முகம் சிவந்தது. மாஸ்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். போலீஸ் என்றார், கோர்ட் என்றார். ஆனால் திட்டி முடித்துவிட்டு, வந்த இடத்துக்கே வந்து நின்றார். “காரணம் எதுவா வேணா இருக்கட்டும். என் பொண்ணு மூஞ்சியில தையல் இருக்கு. இந்த நாய் இனிமே என் வாசப்படி ஏறாது. நீங்க போடலன்னா வேற டாக்டர் போடுவாரு.”

“வீட்டுக்கு வேண்டாம். இங்கயே விட்டுடுங்க,” என்றாள் டாக்டர். “பல்லப் புடுங்கி நானே வச்சுக்கறேன். அக்கா எப்ப வேணா வந்து பார்க்கட்டும்.”

அண்ணன் தங்கையைப் பார்த்தார். “உன் நாய். நீ சொல்லு.” அதில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

இது முடிந்தது, நாய் பிழைத்தது என்றே டாக்டர் நினைத்தாள். கையுறையைக் கழற்றக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

டெய்லரக்கா பின்வாசலைப் பார்த்தாள். கொட்டகையில் மாஸ்டர் எதையோ இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கடையில் துணியை விரலால் தேய்த்துச் சாயம் போகுமா என்று பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

“இந்த வீட்டுலயா விட்டுட்டுப் போகச் சொல்றீங்க?” என்றாள்.

“நான் பார்த்துக்குவேன் அக்கா,” என்றாள் டாக்டர்.

“அன்னைக்கும் நீங்க இங்கதான இருந்தீங்க?”

வலிக்கு ஓர் ஊசி மட்டும் போட்டு அனுப்ப முடிந்தது. மயக்கம் பாதி தெளிந்ததும் வாத்தியாரை அண்ணன் தூக்கிக் கீழே இறக்கினார். டெய்லரக்கா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“வேற இடத்துல போட்டா வலிக்குமா டாக்டர்?”

“வேண்டாம் அக்கா. நாளைக்கு ஒரு நாள் யோசிச்சுட்டு...”

“வலிக்குமான்னுதான் கேட்டேன்.”

“வலிக்காது. தூங்கற மாதிரிதான்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு டாக்டர், கேள்வி எதுவும் கேட்காமல் காரியத்தை முடித்துவிட்டார் என்று மறுநாள் செய்தி வந்தது.

அதோடு மாஸ்டர் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். டாக்டரும் நினைத்தாள். ஒரு வாரம் கொட்டகை வெறிச்சோடிக் கிடந்தது. தெருவில் அவரைப் பார்த்துச் சிலர் காறித் துப்பினார்கள். பிறகு ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கனவான், பட்டுப் போன்ற முடியுள்ள ஒரு நாயோடு முன்வாசலில் வந்து நின்றார்.

“குலைச்சே உயிர எடுக்குது டாக்டர். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. ட்ரெய்னிங் எல்லாம் வேண்டாம். அந்த மாத்திரை ஏதோ இருக்காமே, அத நேரா எழுதிக் குடுத்துடுங்களேன்.”

“நாள் முழுக்கத் தனியா கட்டிப் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள் டாக்டர்.

“வேலைக்குப் போக வேண்டாமா?”

“அப்ப அது கூப்பிடத்தான் செய்யும். காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. நடுவுல ஒரு ஆள் வந்து பார்க்கட்டும்.”

அவர் முகம் சுளித்தார். “மாஸ்டர் இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டே பின்வாசலுக்குப் போனார். அவர் போனதுதான் தாமதம், பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். சத்து மாத்திரை என்ற பொய்க்குக்கூட இப்போது தேவை இருக்கவில்லை. மாஸ்டர் எதிர்த்தெருவில் தனிக் கட்டடம் பிடித்தார். கேள்வி கேட்காத அந்த மறுகோடி டாக்டர் வாரம் இரண்டு நாள் அங்கே வந்து உட்கார்ந்தார். துணிமணிகளை எடுக்க வந்த அன்றைக்கு மாஸ்டர் அவளிடம் சொன்னது ஒன்றுதான்.

“ஊருக்கு முன்னாடி என்னை அவமானப்படுத்தின. என்ன ஆச்சு? அதுவே விளம்பரமாயிடுச்சு. உனக்கு ஜனங்களத் தெரியல. நாயத்தான் தெரியும்.”

“உங்களுக்கு ரெண்டும் தெரிஞ்சிருந்துச்சு ஒரு காலத்துல,” என்றாள் அவள். அவர் பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

டெய்லரக்காவைப் பார்க்கப் போக வேண்டும் என்று டாக்டர் நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டாள். ஒரு மத்தியானம் துணிந்து போனாள். மாடியறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் மடித்து வைத்த ஒரு பழைய போர்வை. அதில் இன்னும் நாய்முடி. டெய்லரக்கா காலை நிறுத்தாமல், “உக்காருங்க டாக்டர்,” என்றாள்.

“குழந்தைக்கு எப்படி இருக்கு?”

“தழும்பு மங்கிடும்னாங்க. வாத்தியார் எங்கன்னு கேக்குது. ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்கோம்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நீங்க போட்ட ஊசி நல்லா வேலை செஞ்சுது. போற வழியில பசிச்ச மாதிரி பார்த்தான். ரொட்டி வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பக்கமும் மென்னு தின்னான். வால ஆட்டிக்கிட்டே அந்த ஆஸ்பத்திரிக்குள்ள போனான்.”

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்,” என்றாள் டெய்லரக்கா. மிஷின் நின்றது. “ஒப்படைச்ச அன்னைக்கே கண்ணப் பார்த்துத் தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே. அன்னைக்கே ஏன் என்னக் கூப்பிட்டுச் சொல்லல?”

வழியெல்லாம் டாக்டர் இதற்குப் பல பதில்கள் யோசித்து வைத்திருந்தாள். பூட்டுப் போட்டதைச் சொல்லலாம் என்றிருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

“என் வீட்டுக்காரர்ங்கறதால,” என்றாள்.

“ம்.” டெய்லரக்கா துணியைத் திருப்பிப் போட்டாள். “நானும் எங்க அண்ணன்ங்கறதாலதான் கயித்தப் புடிச்சுட்டுப் போனேன். உங்க வீட்டுல விட மனசில்லன்னு சொன்னது பாதிதான் நிஜம். உங்ககிட்ட விட்டுட்டு, நான் அடிக்கடி அங்க வந்து நின்னா அண்ணிக்குப் பிடிக்காது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன்.”

கீழே யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. டெய்லரக்கா சட்டென்று நிமிர்ந்து, முகத்தை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணி வந்துட்டாங்க. நீங்க கிளம்புங்க டாக்டர். எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா ஜாக்கெட் அளவு குடுக்க வந்ததா சொல்லிடறேன்.”

டாக்டர் எழுந்தாள். படியில் எதிரே வந்த அண்ணியிடம், ஜாக்கெட் அளவு கொடுத்துவிட்டுப் போவதாக அவளும் சொன்னாள்.